நீந்திக் களைத்த பின் அண்ணி எறிந்த பந்து

அண்ணியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் எறிந்த பந்தை நான் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். ஏதோ மஞ்சளாக வந்தது, காதுக்குப் பக்கத்தில் காற்று சீறியது, முதுகுக்குப் பின்னால் வலை ஆடியது. கோல்கீப்பர் என்று அங்கே ஒருத்தி மிதந்துகொண்டிருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

எதிரே தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரிந்தது. அது கவலையோடு கேட்டது: "பட்டுடுச்சா?"

"படலை."

"அப்ப சரி. அடுத்தது போடவா?"

எனக்குத் துணி தைப்பதும் பழைய உடுப்பை ஆளுக்கேற்பப் பிரித்துத் தைப்பதும்தான் தொழில். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி நகராட்சி நீச்சல் குளம். அங்கே பெண்களுக்கான வாட்டர் போலோ அணி ஒன்று இருந்தது. அணி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வேலை முடிந்து வரும் பெண்கள், ஒரே அளவில் வாங்கியதால் யாருக்கும் சரியாகப் பொருந்தாத தொப்பிகள், கூடவே ஒரு பயிற்சியாளர். அவர் அந்தக் குளத்திலேயே நீச்சல் சொல்லிக்கொடுப்பவர், நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அண்ணி அவருடைய அண்ணன் மனைவி. மாஸ்டர் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்றதில் நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். பிறகு எதிரணியும் பிடித்துக்கொண்டது. ஒரு ஆட்டத்தில் நடுவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அண்ணி, கொஞ்சம் பின்னாடி போங்க" என்றார்.

அவளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் நீளமான கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், எதிர்ப்பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் சக்கரம் வைத்த கம்பிக்கூண்டு வண்டிகள். ஒருநாள் மாஸ்டர் வீட்டுச் சாவி வாங்குவதற்காக அங்கே போயிருக்கிறார். ஈரத்தோடு பிழிந்தெடுத்த படுக்கை விரிப்புகளை அண்ணி மூட்டையாகச் சுருட்டி, நின்ற இடத்திலிருந்தே எதிர்க்கோடியில் இருந்த வண்டிக்குள் எறிந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு மூட்டையும் ஒரு சின்னக் கன்றுக்குட்டி கனம் இருக்கும். நடுவில் வேலை செய்கிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே பழக்கத்தில் தலையைக் குனிந்து கொடுத்தார்கள். மூட்டை மேலே போய் வண்டிக்குள் விழுந்தது.

மாஸ்டர் வந்த காரியத்தை மறந்துவிட்டார். "அண்ணி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"சாவி வாங்க வந்தியா, நீச்சல் விசாரிக்க வந்தியா?"

நீச்சல் தெரியும் என்றாள். சின்ன வயதில் கற்றுக்கொண்டதாம். தலைமுடி நனைந்தால் வீட்டில் திட்டு விழும் என்பதால் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்திப் பழகியிருந்தாள். மாஸ்டர் கிட்டத்தட்டக் குதித்தார். வாட்டர் போலோவில் பந்தையும் ஆளையும் பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும். தலையை வெளியே வைத்து நீந்தப் பழக்குவதற்குள் அவருக்கு எங்களிடம் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு ஏழு பேர். கால் ஊன்றத் தரை கிடையாது, அவ்வளவு ஆழம். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொட வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாக்கப் போக வேண்டும், பந்து பறிபோனால் அதே வேகத்தில் தடுக்கத் திரும்பி வர வேண்டும். மேலே பார்த்தால் விளையாட்டு மாதிரி தெரியும். தண்ணீருக்கு அடியில் நடப்பது பாதி குடும்பச் சண்டை.

அண்ணி ஆடிய முதல் ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் அவள் எறிந்த எல்லாமே கோல். எதிரணி கோல்கீப்பர் இரண்டு முறை தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருக்கிறதா என்று. நாங்கள் கோப்பையை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தோம். இரண்டாவது கால் பகுதியில் பந்தின் வேகம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் கம்பத்துக்கு வெளியே போனது. கடைசிப் பகுதியில் அண்ணி முழு மூச்சாகக் குளத்தைக் கடந்து வந்து கையை ஓங்கி எறிந்தபோது, அந்தப் பந்து கூச்ச சுபாவமுள்ள விருந்தாளி மாதிரி, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டே போனது. எதிரணி கோல்கீப்பர் ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். சிரித்தாள் வேறு. ஆட்டத்தில் தோற்றோம்.

அடுத்த ஆட்டத்திலும் அதே கதைதான். அதற்கடுத்ததிலும்.

அண்ணிக்குத்தான் இது தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயமாக இருந்தது. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மூட்டை எறியறேன். கை வலிக்குதான்னு கேட்டா, எந்தக் கைன்னு கேப்பேன். இங்க நாலு தடவை போய்ட்டு வந்தா கை செத்துப்போகுது. இது என்ன நியாயம்?"

"தண்ணியில ஊறிப்போயிருக்கும்" என்றாள் மீன். இவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருபவள். நீந்துவதில் எங்களில் யாரும் அவளுக்குக் கிட்டே வர முடியாது, பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். ஆனால் அவள் எறியும் பந்து தபாலை விடத் தாமதமாகப் போய்ச் சேரும். இதை நான் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொள்வாள்.

மாஸ்டர் ஒரு நண்பரிடமிருந்து பந்தின் வேகத்தை அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். முதலில் எல்லோரும் ஓய்வாக இருக்கும்போது எறிந்தோம். பிறகு நிற்காமல் குளத்தைச் சில சுற்று வேகமாக நீந்திவிட்டு, மூச்சு வாங்க விடாமல் உடனே எறியச் சொன்னார். எல்லோருக்கும் வேகம் குறைந்தது. குறியும் தவறியது. அண்ணிக்குத்தான் விழுந்தது படுபாதாளத்தில். அவளுடைய கடைசிப் பந்து கோலுக்குப் பத்தடி தள்ளிப் போய், கரையில் உட்கார்ந்திருந்த அவள் கணவரின் டீயைத் தட்டிவிட்டது. மீனுக்கு மட்டும் பெரிய மாற்றம் இல்லை. "குறையறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?" என்று பெருமையாகச் சொன்னாள்.

மாஸ்டர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணி, பிரச்சினை கையில இல்லை. கால்ல."

"எறியறது கை. களைச்சது கை. நீ காலைப் பத்திப் பேசறே."

"கால்தானே உங்களை மேல தூக்கணும்? நீந்தி நீந்திக் கால் ஓய்ஞ்சிட்டா உடம்பு உள்ள இறங்கிடும். முழங்கை தண்ணில படும். அப்புறம் எங்க எறியறது?"

அண்ணி தலையை ஆட்டினாள். ஆட்டிய விதத்திலேயே ஏற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து கைக்குத்தான் வைத்தியம் நடந்தது. வலி மருந்து தடவினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், கடைக்குப் போனால் பையைத் தூக்குவதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், பகலெல்லாம் கருவிப் பெட்டியைத் தூக்கிவிட்டு வந்து, சாயங்காலம் காய்கறிப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். "அந்தக் கை அணியோட சொத்து" என்று எதிரே வருகிறவர்களிடம் விளக்கம் வேறு சொல்வார்.

இப்படியே இன்னும் சில ஆட்டங்கள் தோற்ற பிறகுதான் அந்தச் சோப்புத் தண்ணீர் சம்பவம் நடந்தது.

சலவைக் கூடத்தில் ஒரு இயந்திரத்தின் குழாய் கழன்று, தரையெல்லாம் சோப்பு நுரை. அண்ணி அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல மூட்டையைச் சுருட்டி, கையை ஓங்கி எறிந்திருக்கிறாள். எறிகிற அந்த நொடியில் கால் இரண்டும் பின்னால் வழுக்கின. கையில் தெம்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனாலும் மூட்டை வண்டிவரை போகவில்லை. பாதி வழியில் மனம் மாறியதுபோல இறங்கி, மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அம்மாளின் மடியில் பொத்தென்று விழுந்தது.

அந்த அம்மாள் ஈரத்துணியை விலக்கி மெதுவாக எழுந்தாராம். "என்னம்மா, துவைக்கிற கணக்குல என்னையும் சேத்துட்டியா?"

அண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு, தன் கால்களையே பார்த்தபடி நின்றாள். பிறகு இன்னொரு மூட்டையை எடுத்து, வேண்டுமென்றே நுரையில் நின்று எறிந்து பார்த்தாள். அதுவும் பாதியில் விழுந்தது. காய்ந்த இடத்துக்குப் போய் எறிந்தாள். வண்டிக்குள் போனது. மேற்பார்வையாளர் அம்மாள் இதற்குள் மேசைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாதுகாப்பாக நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் வேலை உடுப்போடேயே குளத்துக்கு வந்துவிட்டாள். "தம்பி, கால்தான்."

மாஸ்டருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இதைத்தானே அண்ணி நான் இவ்வளவு நாளா தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்."

"சொன்னே. யாரு இல்லேன்னா? புரியற மாதிரி சொல்லலையே."

பிறகு கால் பயிற்சி தொடங்கியது. தண்ணீரில் நின்றபடி இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி உள்பக்கமாகச் சுழற்ற வேண்டும், கிண்ணத்தில் முட்டையை அடித்துக் கலக்குவதுபோல. நாங்கள் அதற்கு 'முட்டை அடிப்பது' என்றே பெயர் வைத்திருந்தோம். அண்ணி தலைக்கு மேல் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முட்டை அடித்தாள். வேலையிடத்தில் இடைவேளையின்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து அடித்தாள். தூக்கத்திலும் அடித்தாள் என்பதற்கு அவள் கணவரின் முழங்காலில் இருந்த நீலத் தழும்புதான் சாட்சி.

பலன் இருந்தது. இடுப்புவரை தண்ணீரிலிருந்து எழும்பி எறிய ஆரம்பித்தாள். பயிற்சியின்போது எதிரே நின்ற எனக்குத்தான் திண்டாட்டம். மறுநாள் கடையில் ஊசியில் நூல் கோக்க விரல் மடங்காது. ஆனால் முழு ஆட்டம் என்று வந்தால், கடைசிப் பகுதியில் பந்து மறுபடியும் தளர்ந்துதான் போனது. முன்னளவு மோசமில்லை. இருந்தாலும் தளர்ந்தது.

அதற்குக் காரணம் மீன். அதாவது, மீனோடு அண்ணி போட்ட போட்டி. கால் பலமானதும் அண்ணிக்கு நீச்சலிலும் ஆசை வந்துவிட்டது. மீன் முன்னால் போனால் இவளும் கூடவே போவாள். பந்து எங்கே இருந்தாலும் துரத்துவாள். கோலுக்கு எதிரே போய்ச் சேரும்போது, பேசக்கூட மூச்சு இருக்காது.

மாஸ்டர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணி, நீங்க அவங்களோட போட்டி போட்டு நீந்தாதீங்க. கொஞ்சம் மெதுவா வாங்க. வந்து சேர்றப்போ எறியறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கணும் இல்லையா?"

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றியா?"

இதற்கு உடனே 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் மாஸ்டர் எதையும் யோசித்துப் பேசுகிறவர். யோசித்தார். அந்தச் சின்ன இடைவெளியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அண்ணி, கணவர், மாஸ்டர் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "உங்க தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க" என்று கணவரிடம் சொல்வாளாம். "போதும்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணா" என்று அவர் சொல்வாராம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கணவர், மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். மேலயும் கீழயும் போய்ட்டு வர்றது எனக்குப் பழக்கம்தான். வீட்டுக்குள்ளயும் அதே வேலையை வைக்கிறீங்களே, இது அடுக்குமா?"

அப்போதும் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அந்த நிலைமையில்தான் காவல்துறைப் பெண்கள் அணியோடு ஆட்டம் வந்தது.

அவர்களுடைய கோல்கீப்பர் போக்குவரத்துப் போலீஸ். நீண்ட கைகள். சாலையில் லாரியை நிறுத்துகிற அதே தோரணையில் கையைக் காட்டுவாள். பந்துகளும் பயந்து நின்றுவிடும். அந்தப் பருவத்தில் அவளைத் தாண்டி கோல் போடுவது என்பது எல்லா அணிகளுக்கும் கனவாக இருந்தது.

ஆட்டத்துக்கு முன் மாஸ்டர் பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னார்: "யாரும் கண்டபடி துரத்த வேண்டாம்." அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தண்ணீரில் இறங்கியதும், எல்லோருக்கும் பின்னால் கோலில் இருந்தபடி நான் கவனித்தேன். அண்ணி மீனைத் துரத்தவில்லை. நிதானமாகப் போனாள், போன இடத்தில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள், பிறகுதான் கையை உயர்த்தினாள். போலீஸ் கோல்கீப்பரைத் தாண்டி இரண்டு பந்துகள் போயின. சொன்னதைக் கேட்டுவிட்டாள், கேட்டதாக மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசிப் பகுதியில் இரண்டு அணியும் சமம். அவர்களில் ஒருத்தி பந்தோடு தனியாக என்னை நோக்கி வந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அந்தப் பக்கம். அண்ணி ஒருத்திதான் கிட்டத்தில் இருந்தாள். இப்போது நிதானமாவது ஒன்றாவது? உயிரைக் கொடுத்து நீந்தி வந்து, அந்த எதிரணிக்காரி கையை ஓங்குவதற்குள் பந்தைப் பறித்து என்னிடம் தட்டிவிட்டாள். நான் அதைப் பாதிக் குளத்துக்கு எறிந்தேன். அண்ணி அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. திரும்பி மறுபடியும் முன்னால் நீந்தினாள். எங்கள் ஆட்கள் பந்தை இங்கும் அங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வழியே இல்லை. கடைசியில், கோலுக்கு நேர் எதிரே அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணியிடம் பந்து வந்தது.

கரையில் இருந்த கூட்டம் எழுந்து நின்றது. "அடி அண்ணி! அடி அண்ணி!" கூட்டத்தோடு கூட்டமாக அவள் கணவரும் தொண்டை கிழிய "அடி அண்ணி!" என்று கத்தினார். அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

அண்ணி பந்தைத் தூக்கினாள். கை உயர்ந்தது, ஆனால் உடம்பு உயரவில்லை. அந்தக் கோடியில் இருந்த எனக்கே அது தெரிந்தது. தோள் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எறிந்தால் போலீஸ்காரியின் கைக்குத்தான் நேராகப் போகும். அண்ணி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கையை முழுசாகப் பின்னுக்கு இழுத்தாள். போலீஸ் கோல்கீப்பர் அந்தப் பந்தின் வேகத்தை ஏற்கெனவே அனுபவித்தவள். இரண்டு கையையும் விரித்து எம்பிவிட்டாள்.

அண்ணி எறியவில்லை. கையை இறக்கி, பக்கத்தில் இருந்த மீனிடம் பந்தை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"எனக்கா?" என்று மீன் கேட்டது குளம் முழுக்கக் கேட்டது. அணியில் சேர்ந்ததிலிருந்து ஒரு கோல் கூடப் போடாதவள் அவள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எறிந்தாள். பந்து தண்ணீரில் ஒருமுறை பட்டுத் துள்ளி, எம்பியவள் கீழே வந்து திரும்புவதற்குள், அவள் விரல் நுனியைத் தடவிக்கொண்டு வலைக்குள் போனது. மீன் கண்ணைத் திறக்கவே இல்லை. நாங்கள் போட்ட கூச்சலை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டாளாம்.

அதன் பிறகு அவர்கள் எறிந்த ஒரு பந்து என் தலைக்கு மேல் இருந்த கம்பியில் மோதி வெளியே போனது. நடுவர் விசில் ஊதினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

மாஸ்டர் கரையோரம் ஓடி வந்து மண்டியிட்டார். கோபதாபமெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. "அண்ணி, ஏன் எறியலை? நேரா முன்னாடிதானே இருந்தீங்க?"

அண்ணி குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பாமல், நேராக மாஸ்டரிடமே பதில் சொன்னாள். "காலு தீந்துபோச்சு, தம்பி. வெறும் கைதான் இருந்துச்சு. வெறும் கையை வச்சுப் பயமுறுத்தத்தான் முடியும். பயமுறுத்தினேன்."

மாஸ்டர் கை கொடுத்து அவளை மேலே தூக்கினார். ஏறும்போது, "நீ கூட நாலு நாளா சரியா சாப்பிடலை, பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்று அதட்டினாள். கணவர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டில் தன் தூது வேலை முடிந்ததில் அவர் முகத்தில் இருந்த நிம்மதியை எந்தக் கோப்பையும் கொடுத்திருக்காது.

அதற்குப் பிறகு மாஸ்டர் அண்ணியை வேறு விதமாக ஆடவிட்டார். ஆட்டத்தின் நடுவில் ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அண்ணி கொஞ்ச நேரம் இறங்குவாள், எறிவாள், ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு மாஸ்டர் பக்கத்தில் உட்காருவாள். உட்காருவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. "இதுக்கு வீட்டுலயே உட்காந்திருக்கலாம்" என்று புலம்பிக்கொண்டே இருப்பாள். ஆனால் அந்தப் பருவத்தில் அணியில் அதிக கோல் போட்டவள் அவள்தான். மீனும் அதன் பிறகு நாலைந்து போட்டாள், ஒன்று கண்ணைத் திறந்துகொண்டே.

போக்குவரத்துப் போலீஸ்காரி, அவர்களை நாங்கள் ஜெயித்த அன்று, உடை மாற்றும் அறைக்கே தேடி வந்தாள். "ரோட்டுல எந்த வண்டி எந்தப் பக்கம் திரும்பும்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். உங்களை மட்டும் கோட்டை விட்டுட்டேனே" என்றாள்.

"எனக்கே கடைசி வரைக்கும் தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

இரண்டு பேரும் அன்றே ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் குளத்துக்கு வருவார்கள். ஒருத்தி எறிவாள், ஒருத்தி தடுப்பாள். என் விரல்களுக்கு அதில் கிடைத்த விடுதலையைச் சொல்லி முடியாது. போன ஞாயிறு நானும் சும்மா கூடப் போனேன். குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள், இன்று அனுமதி இல்லை என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். நனையாத துண்டுகளோடு கொஞ்ச நேரம் மூன்று பேரும் வாசலிலேயே நின்றோம். பிறகு போலீஸ்காரி சொன்னதால் பக்கத்துத் தியேட்டரில் ஏதோ ஒரு சண்டைப் படத்துக்குப் போனோம். இடைவேளைக்கு முன்பே அண்ணி தூங்கிவிட்டாள். போலீஸ்காரி ஒவ்வொரு கார் துரத்தலுக்கும், "அந்தத் தெருவுல இப்படித் திரும்பவே முடியாது" என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். படம் முடிந்து விளக்கு போட்டதும் அண்ணி எழுந்து, நல்ல படம் என்றாள்.